வலி நீக்கும் கலையும் வறியோரும்

கத்தி எடுத்தார் மருத்துவர்; கதறினான் நோயாளி; நால்வர் அவனை அழுத்திப் பிடித்துக் கொண்டனர்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் நடைபெற்ற முறை இது. 1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், மார்ட்டன் எனும் பல் மருத்துவர் ஈதர் ஆவியூட்டி ஒருவரைத் துயிலச் செய்தார். கழுத்துக் கட்டி, கதறலின்றி அகற்றப்பட்டது.

வலி விதியன்று, வெல்லக்கூடியதே என்று அறிவு காட்டிற்று. ஆனால் வென்ற அறிவு யார் வீட்டுக் கதவைத் தட்டிற்று? கேட்க வேண்டிய கேள்வி இதுவன்றோ!

இக்கேள்விக்கு விடை தேட முனைந்த வரலாறொன்று ஆக்ஸ்போர்டில் உண்டு. மிதிவண்டி பழுது பார்த்து வாழ்வைத் தொடங்கி, மோட்டார் தொழிலில் பெருஞ்செல்வரானவர் நஃபீல்டு பிரபு. பல்கலைக் கழகத்தில் பயிலாதவர். 1936-ல் மருத்துவப் பீடங்கள் அமைக்கப் பெருநிதி தர முன்வந்த அவர், மயக்க மருத்துவத்துக்கும் ஒரு பீடம் வேண்டும் என்றார். ஆன்றோர் முகஞ்சுளித்தனர். கத்தி பிடிப்பவர் பேராசிரியராகலாம். மயக்க மருந்து தருபவருமா? அது வெறும் கைத்தொழிலன்றோ! கைத்தொழிலால் உயர்ந்தவர் இணங்கவில்லை. அப்பீடம் இல்லையேல் நிதியும் இல்லை என்றார். பணிந்தது பல்கலைக் கழகம். 1937-ல், நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மாக்கின்டாஷ் அப்பீடத்தில் அமர்ந்தார்.

பிடிவாதம் பீடத்தைத் தந்தது. பீடத்துக்குப் பெருமை தந்தது பணி. அதே ஆண்டு, உள்நாட்டுப் போரில் வெந்து கொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, காயமுற்றோருக்கு மயக்க மருந்து அளித்தார் மாக்கின்டாஷ். லண்டன் மருத்துவமனைகளின் வசதி அங்கு ஏது? எங்கும் பயன்படும் எளிய கருவி வேண்டும் என உணர்ந்து மீண்டார்.

ஈதர் ஆவியாகுங்கால் தானே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ஆவி குறையும். குறைந்தால் நோயாளி விழிப்பான். மிகுந்தால் உயிருக்கே ஊறு. இச்சிக்கலைத் தீர்க்க இயற்பியலறிஞர்களைத் துணைக்கழைத்தார். 1941-ல் ஆக்ஸ்போர்டு ஆவிக் கருவி உருவாயிற்று. 1956-ல் எப்ஸ்டீன் எனும் இயற்பியலறிஞருடன் சேர்ந்து இன்னும் சிறந்ததொன்றை அளித்தார். வாயு உருளை வேண்டா, மின்சாரம் வேண்டா. நோயாளியின் மூச்சோ, கையால் இயக்கும் துருத்தியோ அறைக் காற்றை இழுக்கும். அக்காற்று ஈதரைச் சுமந்து செல்லும். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் சிற்றூர் மருத்துவமனைகளில் பல்லாண்டு உழைத்தது அக்கருவி.

இன்று ஈதர் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. இல்லாமை ஒழிந்ததா? இல்லை! 2015-ல் லான்செட் ஆய்வுக் குழு கணக்கிட்டுக் கூறிற்று: பாதுகாப்பான, தாங்கத்தக்க செலவிலான அறுவைச் சிகிச்சையும் மயக்க மருத்துவமும் உரிய நேரத்தில் கிட்டாதோர் 500 கோடிப் பேர்! விரலில் பொருத்தினால் குருதியின் உயிர்வளி அளவைக் காட்டும் சிறு கருவிகூட இல்லாத அறுவைக் கூடங்கள் பல. அக்கருவியை அங்குச் சேர்க்கவும், பயன்படுத்தப் பயிற்சி தரவும் 2011-ல் லைஃப்பாக்ஸ் எனும் அமைப்பு தோன்றியது. கருவி மட்டும் போதாது. அதைக் கையாளக் கற்ற கைகளும் வேண்டும். அக்கைகளை உருவாக்குவதன்றோ கல்விப் பீடங்களின் கடமை!

இளைஞர்களே! தலைமை என்பது உயர்ந்த நாற்காலியன்று. அந்நாற்காலியில் அமர்ந்தவர் யாரை எண்ணிச் சிந்திக்கிறார் என்பதே அதன் அளவுகோல். வசதி மிக்க மருத்துவமனையை மட்டும் எண்ணியிருந்தால் மாக்கின்டாஷுக்கு அக்கருவி தோன்றியிருக்காது. மின்விளக்கில்லா மருத்துவமனையை எண்ணினார், தோன்றிற்று. கண்டறிந்தது பாதி வெற்றி. கடைக்கோடி மனிதனிடம் சேர்ப்பதே மீதி. அம்மீதி இன்னும் கிடக்கிறது, நம் கைகளை எதிர்நோக்கி!