பல் புளோரோசிஸ் (தருமபுரி மாவட்டம்)

குடிநீரில் புளோரைடு மிகுவதால் குழந்தைப் பருவத்திலேயே பல்லின் எனாமல் பழுதுபடும் நோய் பல் புளோரோசிஸ். தமிழ்நாட்டில் இதன் பாதிப்பு மிகுந்த பகுதிகளுள் தருமபுரி மாவட்டம் ஒன்று. பல் துலக்காததால் வந்த கறை என்று பிள்ளைகளை ஏசுவது இன்றும் உண்டு, அது நியாயமன்று. இது மேலே படிந்த கறையல்ல, பல் ஈறுக்குள் வளரும்போதே நேர்ந்த குறை.

எனாமல் முதலில் புரதம் மிகுந்ததாக உருவாகும். பின்னர் புரதம் நீங்க, அந்த இடத்தைத் தாதுப் படிகங்கள் நிரப்பும். புளோரைடு மிகும்போது புரதம் நீங்கத் தாமதமாகி, எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. லேசான நிலையில் சுண்ணாம்பு நிறக் கோடுகள் தெரியும். முற்றினால் குழிகள் விழும். பல் முளைத்த பிறகு அத்துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும். ஏறத்தாழ 8 வயது வரையே பற்களுக்கு இந்த ஆபத்து. அதன்பின் அதே நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம்.

காரணம் இம்மாவட்டத்தின் பாறையில் இருக்கிறது. இங்குள்ள நைஸ், சார்னோகைட் பாறைகளில் பயோடைட், அபடைட் போன்ற புளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. காரத்தன்மை மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் அது எளிதில் கரையும். மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போகச் சிக்கலும் வளர்ந்தது. இந்தியத் தர நிர்ணய அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 வரை ஏற்கப்படும்.

கொலராடோவில் 1901 முதல் பிரெடெரிக் மெக்கே கவனித்துவந்த பழுப்புப் பற்களுக்குப் புளோரைடே காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் எலும்பு புளோரோசிஸ் 1937-இல் பதிவானது.

புளோரோசிசைக் கண்டறியப் பெரிய நுட்பம் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் பல்லைப் பார்த்து, டீன் அளவுகோலின்படி தரம் பிரித்து, குடிநீரைச் சோதித்தால் போதும். சிகிச்சை தோற்றத்தை மட்டுமே சீராக்கும்: லேசான கறைக்கு மேற்பரப்பைத் தேய்த்தெடுத்தலும் வெளுப்பூட்டலும், ஆழமானதற்கு ரெசின் பூச்சு அல்லது வெனீர். கெட்ட எனாமல் மீண்டும் வளராது.

ஆகவே உண்மையான மருந்து குழாயில்தான் வரவேண்டும். ஜப்பானியக் கடனுதவியோடும், கர்நாடகத்தின் எதிர்ப்பைத் தாண்டியும் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது காவிரி நீரைக் கொண்டுவருகிறது. அதன் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் காவிரி நீர் வராத நாளில் போர் தண்ணீரையே குடித்தால் பயன் குறையும். புளி புளோரைடைச் சிறுநீர் வழியே கூடுதலாக வெளியேற்றுவதாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வு காட்டியிருக்கிறது. புளி விளையும் இம்மாவட்டத்துக்கு அது நல்ல செய்திதான், எனினும் நல்ல நீருக்கு அது ஈடாகாது.

போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் உதவாது. நீர் ஆவியாகப் புளோரைடு தங்கிவிடுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.