கோல்ஃப் மலையேறிய வரலாறு

கோல்ஃப் பொது நிலத்தில் பிறந்த ஆட்டம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே மணல் மேடுகள் நீண்டு கிடக்கின்றன. ஏர் இறங்காத அந்த உப்புக்காற்று மண்ணில் குட்டைப் புல்தான் வளர்ந்தது. ஊரார் அங்கே ஆடு மேய்த்தார்கள், துணி உலர்த்தினார்கள், முயல் பிடித்தார்கள். ஓய்ந்த வேளையில் கோலால் பந்தை அடித்துக் குழியில் இறக்கினார்கள். இளைஞர்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறார்கள் என்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஆட்டத்தைத் தடை செய்தது. தடை நிற்கவில்லை. 1552இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக்குக் கிடைத்த சாசனம், கடலோரப் புல்வெளியில் ஆடும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதே புல்வெளியில் 1764இல் 22 குழிகள் 18ஆகக் குறைக்கப்பட்டன. உலகம் முழுவதும் இன்று அந்த 18தான் கணக்கு.

பொது நிலத்துக்கு நேரும் ஆபத்துகள் அந்தப் புல்வெளியையும் விடவில்லை. 1797இல் கையில் காசில்லாத நகர மன்றம் நிலத்தைக் கைமாற்றிவிட, அது முயல் வளர்ப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. முயல்கள் வளை தோண்ட, ஆடுகிறவர்கள் வழக்குப் போட, தகராறு 1821 வரை இழுத்தது. 1894இல் சட்டம் இயற்றி நகரமே நிலத்தைத் திரும்ப வாங்கியது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார்கள்.

அங்கே இலையுதிர் காலம் ஆட்டத்துக்குத் திருவிழாப் பருவம். 1754இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்பின் புதிய தலைவர் செப்டம்பர் மாதக் காலை ஒன்றில் முதல் பந்தை அடித்துப் பதவி ஏற்கிறார். அடிக்கும் நொடியில் சிறு பீரங்கி வெடிக்கும். ஆட்டக்காரர்களின் பை சுமக்கும் தொழிலாளிகள் தூரத்தில் வரிசையாக நின்று பந்துக்கு முண்டியடிப்பார்கள். எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தலைவர் ஒரு பொற்காசு தருவது வழக்கம். தலைவர் பெரிய மனிதராக இருப்பாரே ஒழிய நல்ல ஆட்டக்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் அடிக்கும் லட்சணம் தெரிந்து சிலர் முன்கூட்டியே பக்கத்தில் வந்து நிற்பதும் உண்டு.

கப்பல் ஏறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்டத்தையும் எடுத்துப் போனார்கள். 1829இல் கல்கத்தாவில் தொடங்கிய கிளப் பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானது. பெங்களூர்க் கிளப் 1876ஐச் சேர்ந்தது. கொழும்பில் 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கிய ஆட்டம் பின்பு நகருக்குள் ரிட்ஜ்வே திடலுக்கு மாறியது. நுவரெலியாவில் 1889இல் மைதானம் அமைந்தது. இறகு திணித்த பழைய தோல் பந்து விலை கூடியது, நனைந்தால் கெட்டுப்போவது. 1848 வாக்கில் மலாயா மரங்களின் பாலை இறுக்கிச் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தபின் ஆட்டம் மலிவாயிற்று. 1898க்குப் பின் ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கடல் கடந்து இலங்கைத் தேயிலை மலைக்குப் போனவர்களும் தமிழர்கள். ஆட்டத்தின் பொருளாதாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பங்கு இருந்தது, மட்டையைப் பிடிப்பதில்தான் இல்லை.

தமிழ்நாட்டில் ஆட்டம் மலையேறியதை ஒரு பழைய மாவட்டத்துக்குள் வைத்தே பார்க்கலாம். 1910இல் இராமநாதபுரம் தனி மாவட்டமாகும்வரை, சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்ட சமவெளி ஊரான முதுகுளத்தூரும் மலைமேல் இருக்கும் கொடைக்கானலும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன. கீழே குண்டாற்றங்கரைக் கரிசலுக்கும் மேலே 7,000 அடி உயரப் புல்வெளிக்கும் ஒரே கலெக்டர். கொடைக்கானலில் முதல் பங்களாக்களை 1845இல் கட்டியவர்கள், சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறிய மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள். 1863இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தவர் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச். கோல்ஃப் கிளப் 1895இல் வந்தது. அப்போது மலைக்கு மோட்டார்ப் பாதை கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, அடிவாரத்திலிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். டோலி தூக்கியவர்களின் தோளில்தான் அந்தக் காலத்து மலைவாசமே நின்றது.

உதகையில் நிலை வேறு. 1870 முதல் சென்னை அரசே கோடையில் அங்கே குடிபெயர்ந்தது. தோடர்கள் எருமை மேய்த்த புல்மேடுகளில், ஆளுநர் வென்லாக் பெயரால் வழங்கும் வெளியை ஒட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் அமைந்தது. ஊர் நினைவு வரவேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்புதர் இன்றும் அங்கே பந்தை விழுங்குகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை 'இரண்டாவது சீசன்' என்பார்கள். கோடைக் கூட்டம் கலைந்திருக்கும், தென்மேற்கு மழை குறைந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும். தமிழ்நாட்டில் இலையுதிர் கால கோல்ஃப் என்று சொல்ல ஏதாவது உண்டென்றால் அது இந்தச் சிறு இடைவெளிதான்; வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் அதுவும் முடிந்தது. கொடைக்கானல் மைதானத்தில் காட்டுமாடுகள் மந்தையாக வந்து மேயும். அவை நகரும்வரை ஆட்டம் காத்திருக்கவேண்டியதுதான்.

சமவெளியில் ஆட்டம் பரவாததற்கு மழை குறைவு என்று காரணம் சொல்வது எளிது. அது சரியில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 700 மில்லிமீட்டர். இராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி 800ஐத் தாண்டும். வேறுபாடு பங்கீட்டில் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறுகிறது, குளிரில் ஈரம் காய்வதில்லை. இங்கே பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும், மற்ற மாதங்களில் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாயல்குடிப் பக்கம் கடலோரச் செம்மணல் தேரிகள் ஸ்காட்லாந்து மணல் மேடுகளைப் போலவே உழவுக்கு ஆகாதவைதான். அங்கே பனை நிற்கும், பசும்புல் விரிப்பு நிற்காது. இந்தியச் சமவெளி மைதானங்கள் பலவற்றில் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி 'பிரவுன்' என்று ஆடியது இந்தத் தொல்லையால்தான்.

முதுகுளத்தூர்க் கரிசலில் அந்தத் தந்திரமும் எடுபட்டிருக்காது. சித்திரையில் அந்த மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பந்து விழுந்தால் பாதாளத்துக்குப் போனதாகவே கணக்கு. மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு நடக்கவிடாது. அதைவிட முக்கியம், இலையுதிர் காலம் என்று மேற்கே சொல்லும் மாதங்கள் இங்கே வேலை மாதங்கள். புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஐப்பசி மழையில் அது முளைக்கவேண்டும்; மிளகாய்க்கும் அதே ஈரம்தான். கார்த்திகையில் கண்மாய் பெருகினால் கரையைக் காக்க ஆள் நிற்கும். மண் ஆட்டத்துக்கு இடம் கொடுப்பது தை அறுவடைக்குப் பிறகே. வயல்களில் கிடை ஆடுகள் இறங்கும், கண்மாய் வற்றி உள்வாய் திடலாகும்.

அந்தத் திடலில் ஆடப்பட்டது கிட்டிப்புள். தரையில் நீளவாக்கில் சிறு குழி கீறி, இருமுனையும் சீவிய விரல் நீளப் புள்ளைக் குறுக்கே வைத்து, கிட்டிக் கோலால் கெந்தி எறிவார்கள். யாரும் பிடிக்காவிட்டால் புள்ளின் முனையைத் தட்டி எழுப்பி, காற்றில் இருக்கும்போதே வீசி அடித்து, விழுந்த தூரத்தைக் கோலாலேயே அளப்பார்கள். கருவேலங் குச்சி இரண்டு போதும், செலவே இல்லை. இப்போது அந்த இடத்தைக் கிரிக்கெட் பிடித்துக்கொண்டது. பொது நிலத்தின் பெரும்பகுதியைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது வட்டாரத்தின் தொழில்களில் ஒன்றாகிவிட்டது.

ஸ்காட்லாந்தில் ஊர்ப் பொதுவாக இருந்த ஆட்டம் தமிழ்நாட்டில் கிளப் வேலிக்குள் போனது. பல இடங்களில் நிலம் அரசுடையது, ஆட்டம் உறுப்பினருடையது. 1884இல் தொடங்கிய சென்னை ஜிம்கானாவின் மைதானம் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலேயே இருந்தது. ஐரோப்பியர் கிளப்புகளில் இந்தியருக்கு இடம் கிடைக்காத நாட்களில், 1873இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கிளப் இந்தியப் பிரமுகர்களுக்குக் கதவு திறந்தது. நந்தனத்தில் அதன் கோல்ஃப் திடல் பின்னால் வந்தது. ஏழைப் பையன்களுக்கு உள்ளே போக ஒரே வழி பை சுமப்பது. சுமந்தபடியே பார்த்து, பழைய மட்டையை வைத்துப் பழகி மேலே வந்தவர்கள் உண்டு. 1991இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லியில் அப்படி வளர்ந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர்.

உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடும் பொது மைதானம் இந்தியாவில் தாமதமாகவே வந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையம் குதுப்மினாருக்கு அருகே லாடோ சராயில் 2000இல் திறந்த மைதானத்தை அந்த வகையில் நாட்டின் முதலாவது என்பார்கள். தமிழ்நாட்டில் பொது நிலம் என்ற கேள்வி வேறு வழியில் திரும்பி வந்தது. 2024 செப்டம்பரில் மாநில அரசு கிண்டிப் பந்தயத் திடலின் 99 ஆண்டுக் குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கரைத் திரும்ப எடுக்க முற்பட்டது. பந்தயத் திடலோடு அதன் நடுவிலிருந்த கோல்ஃப் மைதானமும் அதற்குள் அடங்கியது. நிலத்தைப் பூங்காவுக்கும் நீர்நிலைகளுக்கும் பயன்படுத்துவது அரசின் திட்டம்; குத்தகைதாரர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.