கண்ணாடிக்கு முதுகு காட்டிய வகுப்புகள்

உடற்பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மல்லர்களையும் ஒலிம்பிக் வீரர்களையும் பற்றியே எழுதுகின்றனர். வாடகைக்கு எடுத்த கூடமொன்றில், வேலை முடிந்து வந்த பெண்கள் சிலர் இசைக்கேற்ப ஒன்றாக அசைந்த கதைக்கு அவ்வரலாறுகளில் இடம் அரிது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கான எளிய மனிதர்களைத் தம் உடலோடு நட்புக் கொள்ள வைத்தவை இத்தகைய கூடங்களே. அவற்றைத் தொடங்கி நடத்தியவர்களும் பெரும் முதலாளிகள் அல்லர். நடனம் கற்ற, கையில் அதிகப் பணமில்லாத ஆசிரியர்களே அவர்கள்.

இக்கூடங்களின் வரலாற்றை வாசிக்கையில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. ஓர் ஆசிரியரின் குரலையும் உற்சாகத்தையும் சுற்றித்தான் இச்சிறு சமூகம் உருவாகிறது. அந்த ஆசிரியர் இல்லாமற் போனால் அது என்னவாகும்? மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இதற்கு விடை தேட முயல்வோம்.

*

முதலாவது, லண்டன். மேரி பேகட் ஸ்டாக் என்னும் பெண்மணி 1912ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவுக்கு வந்தவர். கூர்க்காப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவரை மணந்து, இன்றைய உத்தராகண்டில் உள்ள லான்ஸ்டவுன் என்ற மலையூரில் வாழ்ந்தார். அங்கே யோகாசனங்களின் அறிமுகம் அவருக்குக் கிட்டியது. லண்டனில் முன்பே உடற்பயிற்சிக் கல்வி பெற்றிருந்த அவருக்கு, மூச்சையும் அசைவையும் இணைக்கும் அம்முறை பெரும் ஈர்ப்பாக அமைந்தது. 1914இல் மகள் புருனெல்லா பிறந்தாள். அதே ஆண்டு தொடங்கிய உலகப்போரில் கணவர் பிரான்சில் மாண்டார். கைக்குழந்தையுடன் விதவையான அவர், இங்கிலாந்தில் தம் பிழைப்புக்கு நம்பியது தாம் கற்ற பயிற்சியை மட்டுமே.

1930இல் அவர் ‘பெண்கள் உடல்நல அழகுக் கழகம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 16 பேர். ஒய்.டபிள்யூ.சி.ஏ. கூடம் ஒன்றில் வகுப்பு நடந்தது. அக்காலத்தில் உடற்பயிற்சி வசதி படைத்த பெண்களுக்கே உரியதாக இருந்தது. ஸ்டாக்கின் கண் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த பெண்கள் மேல் விழுந்தது. உறுப்பினராகச் சேர இரண்டு ஷில்லிங் ஆறு பென்னி. அதன்பின் வகுப்புக்கு ஆறு பென்னி. வராத வகுப்புக்குப் பணமில்லை. சீருடையும் வெள்ளை மேற்சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக எளிமையானது. தட்டெழுத்தரும் கடைப்பெண்ணும் அதிகாரியின் மனைவியும் ஒரே உடையில் ஒரே வரிசையில் நின்றனர் என்பது வர்க்கப் பிரிவினை ஆழமாக வேரூன்றிய அந்நாட்டில் சிறிய செய்தியன்று. அதே ஆண்டிலேயே ஹைட் பூங்காவில் பொதுமக்கள் முன்னிலையில் அவர்கள் பயிற்சி செய்து காட்டினர்.

ஸ்டாக் செய்த முக்கியமான காரியம், ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியையும் உடன் நடத்தியதே. அப்பள்ளியில் பயின்றவர்கள் வெவ்வேறு நகரங்களுக்குச் சென்று கிளைகளைத் திறந்தனர். 1935இல் ஸ்டாக் மறைந்தபோது மகள் புருனெல்லாவுக்கு வயது 20. தலைமை மகளிடம் வந்தது. கழகம் சரியவில்லை, 1930களின் பிற்பகுதியில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்கு மகளின் புகழ் ஒரு காரணம் எனலாம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வகுப்பைத் தாமே நடத்தத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இருந்தார் என்பதே அடிப்படைக் காரணம்.

*

இரண்டாவது நிகழ்வு அமெரிக்காவில், சிகாகோவை அடுத்த எவன்ஸ்டன் நகரில் தொடங்குகிறது. ஜாஸ் நடன ஆசான் கஸ் ஜியோர்டானோவின் பள்ளி அங்கே இருந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஜூடி ஷெப்பர்ட் மிசெட் என்ற இளம் நடனக் கலைஞர் அப்பள்ளியில் வகுப்பெடுத்து வந்தார். வகுப்பில் சேரும் பெண்கள் சில வாரங்களிலேயே நின்றுவிடுவதை அவர் கவனித்தார். ஏனென்று விசாரித்தபோது விடை எளிதாக இருந்தது. அவர்களுக்கு மேடையேறும் எண்ணமே இல்லை. நடனக்காரியைப் போன்ற உடல்வாகு வேண்டும், அவ்வளவே. ஆசிரியையோ அவர்களை மேடைக்குத் தயார் செய்வது போல் திருத்திக் கொண்டிருந்தார்.

1969இல் மிசெட் வேறு வகையான வகுப்பொன்றைத் தொடங்கினார். மாணவியரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். நுணுக்கத் திருத்தங்களைக் கைவிட்டார். வந்தவர்கள் 15 பேர். நடனக் கூடத்தில் கண்ணாடி என்பது குறை காணும் கருவி. தொழில்முறைக் கலைஞருக்கு அது இன்றியமையாதது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தமக்கென ஒதுக்கி வந்த பெண்ணுக்கோ, அது வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் குரலாக இருந்தது. மிசெட்டின் முடிவு இதைப் புரிந்துகொண்டதன் விளைவு. கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் 1968இல் வெளிவந்து இதயத்துக்கான பயிற்சி பற்றிய பேச்சு பரவியிருந்த காலம் அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1972இல் அவர் குடும்பத்துடன் தென் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களிலும் நகராட்சிப் பொழுதுபோக்குக் கூடங்களிலும் வகுப்புகள் நடந்தன. ‘ஜாஸர்சைஸ்’ என்ற பெயர் பின்னரே வந்தது. சொந்தக் கட்டடம் இல்லை. ஒலிபெருக்கி, இசைத்தட்டுகள், ஆசிரியையின் குரல் ஆகியவையே மூலதனம். கடன் வழங்குகையில் பாலினத்தையும் திருமண நிலையையும் காட்டி மறுக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1974இல்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் வங்கியை எதிர்பாராமல் தொடங்கக்கூடிய தொழிலாக இது அமைந்தது.

ஆனால் குரல் ஒரு மூலதனமென்றால், அது தேய்ந்துபோகும் மூலதனம். நாள்தோறும் இசையை மீறிக் கத்தியதில் மிசெட்டின் குரல்நாண்கள் பாதிக்கப்பட்டன. இனியும் தனியாளாக நடத்த முடியாது என்ற நிலை வந்தது. 1977இல் தம் மாணவியரிலிருந்தே ஐந்து பேருக்குப் பயிற்சியளித்து வகுப்புகளை ஒப்படைத்தார். சான் டியேகோ பகுதி கடற்படைத் தளங்கள் நிறைந்தது. படைவீரர்களின் மனைவியரும் ஆசிரியைகளாயினர். கணவருக்கு இடமாற்றம் வந்தபோது வகுப்பையும் தம்மோடு கொண்டு சென்றனர். வேரூன்ற முடியாதது அவர்கள் வாழ்வின் துயரம். அதுவே இவ்வகுப்புகள் பரவ வழியாயிற்று. புதிய ஊரில் முகவரி மாறியிருக்கும்; தோழியர் மாறியிருப்பர்; ஆனால் வகுப்பு அதே வகுப்பு. தொலைவில் இருப்பவர்களுக்கு நடன அமைப்புகளைக் கற்பிக்க ஒளிநாடாக்கள் அனுப்பப்பட்டன. தொலைக்காட்சித் துறையில் பணியாற்றிய அவர் கணவரின் அனுபவம் இதற்குக் கைகொடுத்தது.

1980களின் தொடக்கத்தில் உரிமை பற்றிய கேள்வி எழுந்தது. இந்த ஆசிரியைகள் யார்? நிறுவனத்தின் ஊழியர்களா, தனித் தொழில் செய்வோரா? மிசெட் தேர்ந்தது ஃபிரான்சைஸ் முறை. ஒவ்வோர் ஆசிரியையும் தம் வகுப்புக்குத் தாமே உடைமையாளர். வருமானத்தில் ஒரு பகுதி தலைமையகத்துக்கு. அந்தப் பங்கு பின்னாளில் ஐந்தில் ஒன்றாக நிலைத்தது. தொடங்குவதற்கான கட்டணம் உணவகக் கிளைகளோடு ஒப்பிடவியலாத அளவு குறைவு. பதிலாக, நடன அமைப்புகள் தலைமையகத்தினுடையவை. ஆசிரியை அவற்றைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியாது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் இவர்களில் 300க்கும் மேற்பட்டோர் ஆடினர். பின்னர் நிறுவனத்தின் பொறுப்பு மகள் ஷானாவிடம் சென்றது.

இம்முறையில் நியாயம் உண்டா என்பது விவாதத்துக்குரியது. அறை வாடகை, காப்பீடு, யாரும் வராத மழை நாளின் நட்டம் ஆகிய அனைத்தும் ஆசிரியையின் தலையில். ஒரு பெண் தன் பெயரில் ஒரு தொழிலை நடத்துகிறாள் என்ற நிமிர்வும் அவளுக்கே. 2001இல் மயாமியில் நிறுவப்பட்ட சும்பா வேறு வழியைக் கண்டது. அங்கே ஆசிரியர் உரிமம் பெற்று மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துகிறார். வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. நடன அமைப்பிலும் சுதந்திரம் அதிகம். ஒன்றில் கட்டுப்பாடும் பாதுகாப்பும். மற்றொன்றில் சுதந்திரமும் தனிமையும்.

*

மூன்றாவது நிகழ்வு இவ்விரண்டுக்கும் மாறானது. 1970களின் நடுவில் ரிச்சர்ட் சிம்மன்ஸ் பெவர்லி ஹில்ஸில் ஒரு கூடத்தைத் திறந்தார்; பின்னாளில் அது ‘ஸ்லிம்மன்ஸ்’ எனப்பட்டது. இளமையில் பருமனான உடலால் துன்புற்ற அவர், மற்ற கூடங்கள் ஏளனமாகப் பார்த்த பருமனானோருக்கும் முதியோருக்கும் தம் கூடத்தில் இடமளித்தார். தொலைக்காட்சிப் புகழும் செல்வமும் வந்த பின்னரும், பல பத்தாண்டுகள் அங்கே நேரில் வகுப்பெடுத்தார் என்பது போற்றத்தக்கது. ஆனால் வந்தவர்கள் அவருக்காகவே வந்தனர். 2014இன் தொடக்கத்தில் அவர் பொதுவாழ்விலிருந்து விலகினார். வேறு ஆசிரியர்கள் வகுப்பைத் தொடர்ந்தும், 2016 நவம்பரில் கூடம் மூடப்பட்டது. 2024 ஜூலையில் அவர் மறைந்தார்.

மூவருள் அன்பில் குறைந்தவர் எவருமில்லை. ஸ்டாக் தொடக்கத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கினார். மிசெட் தம் குரல் போனதால் அப்பாடத்தைக் கற்றார். சிம்மன்ஸின் கூடமோ இறுதிவரை சிம்மன்ஸின் கூடமாகவே இருந்தது. முன் வரிசையில் நிற்பவளை ஒருநாள் மேடையேற்றி, வகுப்பை அவளிடம் விட்டுவிட்டுப் பின்வரிசைக்கு நகரும் மனம் ஆசிரியருக்கு வேண்டியிருக்கிறது. கலைஞர்களுக்கு இது எளிதன்று.

2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் இக்கூடங்கள் பூட்டப்பட்டன. வாடகை கட்ட இயலாமல் மூடியவை பல. எஞ்சியவை திரைவழியே வகுப்புகளைத் தொடர்ந்தன. திரையில் அசைவைக் கற்கலாம். இரு வாரங்களாக வராதவள் ஏன் வரவில்லை என்று பக்கத்தில் நிற்பவள் விசாரிப்பது அங்கே இல்லை. ஆறு பென்னி கொடுத்து வந்த லண்டன் தட்டெழுத்தர்களுக்கும், ஊர் ஊராகப் பெயர்ந்த படைவீரர்களின் மனைவியருக்கும் கூடத்தை விட்டு நீங்க மனம் வராமற் செய்தது அந்த விசாரிப்புத்தான் என்று தோன்றுகிறது. கணக்கேடுகளில் இடம்பெறாத அதைக் காப்பாற்றுவதே, கூடத்தின் உடைமையாளர் எனப்படுபவரின் முதற்கடமையாக இருந்து வந்துள்ளது.