டயர் பேசும் மூன்று மொழிகள்

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மாஸ்டரிடம் தெலுங்கில் டீ சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கன்னடத்தில் விலை பேசிக்கொண்டே, செல்போனில் தமிழில் ‘தோ... வந்துட்டே இருக்கேன்’ என்று புளுகுகிற ஆசாமி ஒருவராவது கண்ணில் படுவார். மூன்று மொழி ஊர். யாரும் குழம்புவதில்லை.

அப்படியே ரோட்டுக்கு வாருங்கள். பெங்களூரு பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமும் ஓயாமல் ஓடுகிற லாரி, கார், மொபெட் எதையாவது நிறுத்தி, டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கே ஒரு எண் இருக்கும். அதுவும் மூன்று மொழி பேசுகிற ஆசாமிதான்!

உதாரணத்துக்கு ‘165/80 ஆர் 14’. மாருதி ஸ்விஃப்ட்டின் விலை குறைந்த மாடல்களில் பல வருஷம் வந்த அளவு. முதலில் இருக்கிற 165, டயரின் அகலம்; கணக்கு மில்லிமீட்டரில். அடுத்த 80, தரைக்கும் ரிம்முக்கும் நடுவே நிற்கிற பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்று கணக்கு. ‘ஆர்’ என்றால் ரேடியல். கடைசி 14, ரிம்மின் விட்டம். அது மில்லிமீட்டரும் இல்லை, சதவிகிதமும் இல்லை... இன்ச்!

ஒரே எண்ணுக்குள் ஏன் இந்தக் கதம்பம்? விடை வேண்டுமென்றால் நூற்றிச்சொச்சம் வருஷம் பின்னால் போக வேண்டும்.

1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்கு பேட்டன்ட் வாங்கினார். அந்த டயர் முதலில் பிடித்துக்கொண்டது சைக்கிளைத்தான். சைக்கிள்காரர்களின் வழக்கம், டயரின் வெளி விட்டத்தைச் சொல்வது. நம் தாத்தாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளுக்கு ‘28 x 1½’ டயர். அதன் ரிம் 28 இன்ச் என்று நினைத்தால் போச்சு. இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரையாகக் கழியுங்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடம் 25 இன்ச்தான்.

காரும் இதே பழக்கத்தோடு பிறந்தது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன் சக்கரத்துக்கு ‘30 x 3’, பின் சக்கரத்துக்கு ‘30 x 3½’. இரண்டுக்கும் வெளி விட்டம் 30. கழித்துப் பார்த்தால் முன் ரிம் 24, பின் ரிம் 23! முன்னால் இருப்பது பின்னால் ஏறாது. பெயரில் ரிம் அளவே இல்லாததால் வந்த கூத்து இது.

அந்தக் காலத்துப் பஞ்சரைச் சமாளிக்க ஒரு புண்ணியவான் வழி கண்டுபிடித்தார். வேல்ஸ் நாட்டின் லானெலி ஊரில், 1904-ல், தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர், ஆரக்கால் இல்லாத ரிம்மில் காற்றடைத்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்து இறுக்கிவிடும் உபாயம் செய்தார். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அந்தத் தெருப்பெயர்தான் கப்பலேறி வந்து, இன்று நம் டிரைவர் அண்ணன் ‘ஸ்டெப்னி எடுப்பா’ என்று சொல்கிற தமிழ்ச் சொல்லாகிவிட்டது.

1920-களில் காற்றழுத்தம் குறைந்த, குண்டான ‘பலூன்’ டயர்கள் வந்தன. பெயர் வைக்கும் முறையும் தலைகீழாக மாறியது. ‘29 x 4.40’ என்று விற்ற டயர் ‘4.40-21’ ஆனது. வெளி விட்டம் போய், அகலமும் ரிம்மும் நின்றன. டயர் தேயும், மாறும். ரிம் அப்படியே இருக்கும். எனவே ரிம்மைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். அம்பாசடரின் 5.90-15, பழைய ஃபியட்டின் 5.20-14, லாரிகளின் 10.00-20 எல்லாம் இந்த வம்சம்தான்.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். மிஷலின் கம்பெனி 1946-ல் ரேடியல் டயருக்கு பேட்டன்ட் வாங்கியது. ரேடியல்களோடு அகலம் மில்லிமீட்டருக்கு மாறியது. டயர்கள் தட்டையாகத் தட்டையாக, உயரத்தையும் தனியாகச் சொல்ல வேண்டி வந்தது, அதுதான் சதவிகிதம். ரிம் மட்டும் இன்ச்சிலேயே நின்றுவிட்டது. 1975-ல் மிஷலின் அதையும் மாற்றிப் பார்த்தது. டி.ஆர்.எக்ஸ் என்ற டயருக்கு ரிம்மே மில்லிமீட்டரில்: 365, 390 என்று. நல்ல டயர்தான். ஆனால் 390 என்றால் பதினைந்தே கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே; சாதாரண டயர் எதுவும் அதில் ஏறாது. டயர் தேய்ந்தால் அதே ரகத்தைத் தேடி அலைய வேண்டும். முயற்சி படுத்துவிட்டது. உலகம் இன்ச்சோடு சமாதானமாகப் போய்விட்டது.

இந்தச் சமாதானம் இல்லாவிட்டால் ஓசூர் மாதிரி ஊரே கிடையாது. 1980-ல் இங்கே டி.வி.எஸ் 50 மொபெட் பிறந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் தொழிற்சாலையும் அதே வருஷம் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டி செய்வது ஒரு ஊர், டயர் செய்வது மதுரையிலோ திருவொற்றியூரிலோ. முகம் பார்க்காமலே இரண்டும் பொருந்துகிறதென்றால், நடுவில் அந்த எண் இருக்கிறது. நம் நாட்டில் எந்த டயருக்கு எந்த ரிம் என்ற கையேட்டை இந்தியன் டயர் டெக்னிக்கல் அட்வைசரி கமிட்டி வெளியிடுகிறது. டி.வி.எஸ் கம்பெனியிலேயே இரண்டு தலைமுறை எண்களைப் பார்க்கலாம்: எக்ஸ்.எல் 100-க்கு இன்ச் கணக்கில் 2.50-16, ஐக்யூப் மின்சார ஸ்கூட்டருக்கு 90/90-12.

நான் படித்தது பி.காம். அதனால் இந்தக் கணக்கு டேலியாகும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்விஃப்ட்டின் மேல்ரக மாடல்களில் வந்த அளவு 185/65 ஆர் 15. போட்டுப் பாருங்கள். 165/80-14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். இதற்கு சுமார் 621½. ரிம்மில் ஒரு இன்ச் வரவு, பக்கச்சுவரில் அதே அளவு செலவு! ‘சார், அகலமா போட்டா கெத்தா இருக்கும்’ என்ற பேச்சை நம்பி, அதே 14 ரிம்மில் 185/80 ஏற்றினால் விட்டம் 32 மில்லிமீட்டர் கூடிவிடும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் ஓடும். டயர் வளைவில் உரசலாம். பிரேக்குக்கும் வேலை கூடும்.

ரிம் எண்ணே தப்பினால் கதை வேறு. லாரிகளில் 22.5, 19.5 என்று ‘அரை’ வருகிறதே, அது ட்யூப்லெஸ் டயருக்கான ஒரே துண்டு ரிம். டயர் உட்காரும் இடமே 15 டிகிரி சரிவாக இருக்கும். அமெரிக்காவில் சின்ன லாரிகளுக்கு இதே ரகத்தில் 16.5 ரிம் இருந்தது. பக்கத்திலேயே சாதாரண 16. டெக்சாஸில் ஒரு மெக்கானிக், 16 இன்ச் டயரை 16.5 ரிம்மில் போட்டுக் காற்றடித்தார். டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் உட்கார மறுத்தது. டயர் வெடித்து, மேலே குனிந்திருந்த மனிதர் படுகாயமடைந்தார். ‘இப்படிச் செய்யாதே’ என்று படம் போட்ட எச்சரிக்கை அந்த டயரிலேயே ஒட்டியிருந்தது! அப்படியும் 1998-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், டயர் கம்பெனியான யூனிராயல் குட்ரிச் மீதான பொறுப்பை உறுதி செய்தது. இன்னும் பத்திரமான விளிம்புக் கம்பி சாத்தியம் என்கிறபோது, எச்சரிக்கை மட்டும் ஒட்டிவிட்டுக் கைகழுவ முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அரை இன்ச்தான். நம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

எனவே அடுத்த முறை டயர் மாற்றும்போது கடைக்காரர் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அல்லது வண்டியோடு தந்த புத்தகத்தில், கம்பெனி சொன்ன அளவு இருக்கும். அளவுக்குப் பின்னால் ‘41 எல்’ மாதிரி ஒன்று வரும், எக்ஸ்.எல் 100 டயரில் இருப்பது அது. ஒரு டயர் 145 கிலோ தாங்கும், 120 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்று அர்த்தம். மாங்காய்க் கூடையை மொபெட்டில் கோபுரமாக அடுக்குகிற கிருஷ்ணகிரி அண்ணன்கள் கொஞ்சம் கவனிக்கவும்!

முக்கியமாக, காற்றடிக்கும் பையனைச் சக்கரத்தின் மேல் குனியாமல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எண்ணைத் தப்பாகப் படித்தவர் யாராக இருந்தாலும், டயருக்கு மிக அருகில் இருப்பது அவன்தான்.