விஞ்ஞானிகளும் கடவுளும்

கடவுளைப் பற்றி வாதம் எழுந்தால், இரு கட்சியாரும் விஞ்ஞானிகளைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. "நியூட்டனே கடவுளை நம்பினாரே!" என்பார் ஒருவர். "மனிதருக்குத் தண்டனையும் வெகுமதியும் அளிக்கும் கடவுளை ஐன்ஸ்டீன் ஏற்கவில்லையே!" என்பார் மற்றொருவர். பெரியோர் பெயர்களை எண்ணிப் பார்ப்பதால் உண்மை விளங்கிவிடுமா? பிரபஞ்சத்தின் தோற்றம் குறித்து இருபதாம் நூற்றாண்டில் நடந்த வாதத்தின் வரலாற்றை நோக்குவோம்.

பெல்ஜியம் நாட்டில் 1894-ல் பிறந்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கணிதத்திலும் வானநூலிலும் வல்லவர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கின்றதென அவர் 1927-ல் எழுதினார். ஐன்ஸ்டீன் அவரது கணக்கிற் குறை கூறவில்லை. கருத்தை மட்டும் ஏற்க மறுத்தார். தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் தூரத்திற்கேற்ற வேகத்துடன் நம்மை விட்டு விலகுகின்றன என்பதை 1929-ல் ஹப்பிள் வெளியிட்டார். பின்னர் ஐன்ஸ்டீனும் இணங்கினார். 1931-ல் லெமேத்ர் மேலும் ஒரு படி சென்று, அண்டமெல்லாம் ஒரே முதலணுவினின்று சிதறித் தோன்றியவை என்றார்.

இங்கிலாந்தின் பிரெட் ஹாயில் சமயங்களை ஏற்காதவர். பிரபஞ்சத்திற்குத் தொடக்கம் உண்டென்பது அவருக்கு ஒவ்வவில்லை. விரிவினால் உண்டாகும் வெளியிற் புதுப்பொருள் தோன்றிக்கொண்டேயிருக்கும், ஆகவே பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையினது என்னும் கொள்கையை, போண்டி, கோல்டு ஆகியோருடன் 1948-ல் அவர் வெளியிட்டார். எதிர்க்கொள்கைக்குப் 'பெருவெடிப்பு' என்று 1949-ல் வானொலியிற் பெயரிட்டவரும் அவரே!

1951-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இவ்வாராய்ச்சி படைத்தவன் உண்டென்பதற்குத் துணைநிற்கின்றது என்னும் கருத்துப்படப் பேசினார். பாதிரியார் மகிழ்ந்தாரோ? இல்லை. தமது கொள்கை சமய விசாரணைக்கு முற்றும் புறம்பானது என்பதே அவர் நிலை. 1958-லும் அவர் அதனையே வலியுறுத்தினார்.

வழக்கைத் தீர்த்தது வேதமுமன்று, நாத்திகமுமன்று. அமெரிக்காவில் பென்ஸியாஸ், வில்சன் என்னும் இருவர், வானலைகளை வாங்கும் தம் கருவியில் எத்திசையினின்றும் ஓயாது வந்த மெல்லிய இரைச்சலைக் கண்டு 1965-ல் வெளியிட்டனர். அது ஆதிவெப்பத்தின் எச்சமெனத் தெளிந்தது. ஹாயிலின் கொள்கை ஆதரவிழந்தது. 1966-ல் மரிப்பதற்குச் சிறிது முன்னர் லெமேத்ர் இச்செய்தியை அறிந்தார். ஹாயிலோ, 2001-ல் மறையும் வரையிலும் பெருவெடிப்பை ஏற்றாரில்லை.

பாதிரியாரின் அங்கி அவர் கொள்கையை நிலைநாட்டவில்லை, அதனைப் பொய்யாக்கவுமில்லை. ஹாயிலின் நாத்திகம் அவர் கொள்கையைக் காக்கவுமில்லை. தம் திருச்சபைக்கு உவப்பான முடிவு கைக்கெட்டியபோதும், சான்று சொல்லாததைச் சொல்ல மறுத்தாரே, அதுவன்றோ அறிவின் நாணயம்! பகுத்தறிவாளரென நம்மை நாமே கூறிக்கொள்கின்றோம். நமக்கு விருப்பமான முடிவு வரும்போது நாமும் அவ்வாறே தயங்கி நின்று சான்று கேட்கின்றோமா? அன்பர்கள் சிந்திப்பார்களாக.