வாய்வுக்கு ஒரு அவுன்ஸ்

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் 1981இல் மருந்துக்காரனாகச் சேர்ந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "வாய்வு ஐயா." நானும் கார்மினேட்டிவ் மிக்ஸர் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுப்பேன். பலருக்கு மெய்யாகவே அது வாய்வுதான். மற்றவர்களைப் பிரித்தெடுக்க என் கண்தான் கருவி. முகம் சாம்பல் பூத்து, சட்டை நனைய வியர்த்திருந்தால் கொழுந்து லொறியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

இதயம் அடிபட்டால் இரத்தம் காட்டிக்கொடுக்கும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. மாரடைப்பு வந்தவர் இரத்தத்தில் ட்ரான்ஸ்அமினேஸ் என்ற நொதி ஏறுவதை நியூயோர்க்கில் கார்மன் குழுவினர் 1954இல் காட்டினார்கள். ஆனால் ஈரல் கெட்டாலும் அது ஏறும். கசிப்பு ஓடுகிற லயத்தில் அதை வைத்து என்ன சொல்வது? அடுத்து வந்த சி.கே. நொதி, தசை அடிபட்டாலும் ஏறும். நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தி வீசுகிறவனிடம் அதை எப்படி நம்புவது?

ட்ரோபோனின் வந்த பிறகுதான் வழக்குத் தீர்ந்தது. 1960களில் டோக்கியோவில் செட்சுரோ எபாஷி கண்டறிந்த தசைப் புரதம் அது. இதயத் தசைக்கே உரிய வகையை இரத்தத்தில் அளக்கும் முறையை ஹைடல்பேர்க்கில் ஹியூகோ காட்டுஸ் குழு 1989இல் வெளியிட்டது. 2000இல் மாரடைப்பின் வரையறையே அதன்மேல் மாறியது.

அந்தச் சோதனையை நான் கிட்டே இருந்து பார்த்தது ஓய்வுபெற்ற பிறகு. பக்கத்து வீட்டுப் பழைய கங்காணிக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆட்டோவில் மாத்தளைக்கு இறக்கினோம். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. குழியில் சில சொட்டு இரத்தம். தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதங்கள் ட்ரோபோனினைப் பற்றிக்கொண்டு காகிதத்தில் ஊர்ந்து, கோடு போட்ட இடத்தில் சிக்கினால் சிவப்பு தெரியும். கால் மணி நேரம் பார்த்தோம். ஒரே ஒரு கோடு. பட்டை வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிற கோடு.

"ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். நான் விடவில்லை. ட்ரோபோனின் இரத்தத்தில் தலைகாட்ட மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நாங்கள் வந்து சேர்ந்தது வலி தொடங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள். அந்தக் காலத்துக் கொழுந்து லொறியில் வந்திருந்தால் முதல் சோதனையிலேயே பிடிபட்டிருப்பார்!

இன்று மின்வாய் பதித்த சில்லுகள் கோட்டோடு நிற்காமல் அளவையே எண்ணாகச் சொல்கின்றன. 1962இல் லேலண்ட் கிளார்க் சீனி அளக்க முன்வைத்த நொதி மின்வாயின் வம்சம்தான். நொதி இருந்த இடத்துக்கு எதிர்ப்புரதம் வந்திருக்கிறது. ஆனாலும் எந்த நேரத்து இரத்தம் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

பத்து மணிக்கு மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது கோடு, மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்தது. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்த கங்காணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப வாய்வு இல்லீங்களா ஐயா?"