புசா சாலையும் ரேடியோ நெல்லும்: தொழில்நுட்ப மாற்றமும் விளைபொருட் பெயர்களும்

முன்னுரை

விளைபொருளைச் சந்தைப்படுத்துவதில் அதன் பெயருக்குப் பெரும்பங்கு உண்டு. பழந்தமிழர் அங்காடியில் கூவலும் கொடியும் விளம்பரக் கருவிகளாக விளங்கின. உமணர் மகள் உப்பை நெல்லுக்கு மாற்றாகத் தெருவில் கூவி விற்பதை அகநானூற்றின் 140ஆம் பாடல் காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள்விற்கும் இடத்தை அறிவிக்கக் கொடி கட்டப்பட்டதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. இவ்விரு கருவிகளும் பொருள் உள்ள இடத்திலேயே பயன்பட்டவை. வாங்குவோர் பொருளையும் விற்பவரையும் ஒருங்கே கண்டனர். இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி நிலையமும் ஒலிபரப்பும் இந்நேரடித் தொடர்பை மாற்றின. அம்மாற்றம் பொருட்பெயர்களில் பதிந்துள்ள முறையைத் தில்லிப் புசாவையும் தஞ்சை வயல்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புசா: இடம்பெயர்ந்த பெயர்

புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905ஆம் ஆண்டு அங்கு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. 1934 சனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் சிதைந்தமையால் 1936இல் நிறுவனம் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊரை விட்டு வந்த நிறுவனம் ஊரின் பெயரை விடவில்லை. கரோல்பாகு வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இன்றும் 'புசா ரோடு' என்றே வழங்குகிறது. விடுதலைக்குப் பின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தை மக்கள் புசா என்றே சுட்டுகின்றனர். ஊர்ப்பெயராக இருந்த சொல் நிறுவனப் பெயராகி, சாலைப்பெயராகிப் பின்னர் நெல்லின் பெயருமாயிற்று.

வானொலி சூட்டிய பெயர்

மரபு நெல்வகைகளின் பெயர்கள் உழவர் சூட்டியவை. சீரகச் சம்பா என்பது மணியின் வடிவையும், குள்ளக்கார் என்பது பயிரின் உயரத்தையும் உணர்த்தும். பெயரே பொருளின் பண்பை அறிவித்தது. ஆராய்ச்சி நிலையங்கள் இம்முறையை மாற்றின. ஆடுதுறை நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்பதில் நிலையத்தின் சுருக்கமும் வரிசையெண்ணும் உள்ளனவேயன்றி நெல்லைப் பற்றிய செய்தி எதுவுமில்லை. அது சப்பானிய நெல்லினத்தையும் இந்திய நெல்லினத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட குறுகிய கால வகை; குறுவைக்கு ஏற்றது.

1960களின் நடுப்பகுதியில் இந்நெல்லைத் தஞ்சை மாவட்டத்தில் பரப்பும் பணியில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஈடுபட்டது. விதைப்பு, நாற்றங்கால், உரமிடல் ஆகியவை பற்றிய செய்திகள் பருவத்திற்கேற்ப ஒலிபரப்பாயின. இவற்றைக் கேட்டுப் பயிரிட்ட உழவர்கள் அந்நெல்லை 'ரேடியோ நெல்' என்று அழைத்தனர். இப்பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உழவர் நிலையத்தின் எண்ணை ஏற்கவில்லை. வடிவையோ நிறத்தையோ கொண்டும் பெயரிடவில்லை. அச்செய்தி தமக்கு வந்து சேர்ந்த வழியையே பெயராக்கினர். கண்ணால் காணாத ஒருவரின் சொல்லை நம்பி விதைத்தமையின் பதிவாக இப்பெயரைக் கொள்ளலாம். எண்ணால் பெயரிட்ட நிலையத்துக்கு மறுமொழியாகப் பெயரிடும் உரிமையை உழவர் மீட்டெடுத்த செயலுமாகும் இது.

வயலிலிருந்து திரைக்கு

இதே காலத்தில் புசாவிலும் பரப்பும் முறை மாறியது. கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எசு. சுவாமிநாதன் முதலானோர் புதிய கோதுமை வகைகளை உழவர் நிலத்திலேயே விளைவித்துக் காட்டும் செயல்விளக்கங்களை முன்னெடுத்தனர். இது கண்டு நம்பும் பழைய முறையின் தொடர்ச்சி. 1967 சனவரி 26ஆம் நாள் தில்லித் தொலைக்காட்சியில் 'கிருசி தர்சன்' தொடங்கப்பட்டது. தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களில் பொதுப்பெட்டிகளின் முன் உழவர் கூடி அதனைக் கண்டனர். வானொலியில் செவிக்கு மட்டும் எட்டிய பயிர் இங்குக் கண்ணுக்கும் எட்டியது. எனினும் கதிரைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைத் திரை தரவில்லை.

பாசுமதி: பெயரே பொருளாதல்

மேற்கண்ட சான்றுகளில் பெயர் பொருளைப் பின்தொடர்ந்தது. பாசுமதி வரலாற்றில் பெயரே விலையாயிற்று. 1989இல் புசா பாசுமதி 1 வெளியிடப்பட்டது. 2003இல் வெளிவந்த புசா 1121, சமைத்தபின் மிக நீளும் அரிசியால் வளைகுடா, ஈரான் சந்தைகளில் பெருமதிப்புப் பெற்றது. ஆயினும் தொடக்கத்தில் அதற்குப் பாசுமதி என்னும் பெயர் இல்லை. மரபுப் பாசுமதியை நேரடிப் பெற்றோராகக் கொள்ளவேண்டும் என்ற வரையறை தடையாக இருந்தது. 2008இல் வரையறை தளர்த்தப்பட்ட பின்னரே அது புசா பாசுமதி 1121 ஆயிற்று. நெல் மாறவில்லை, பெயர் மாறியது.

இப்பெயருக்கான போட்டி நாட்டெல்லையையும் கடந்தது. அமெரிக்காவின் டெக்சாசைச் சேர்ந்த ரைசுடெக் நிறுவனம் 1997இல் பாசுமதி வகை அரிசிக்குக் காப்புரிமை பெற்றது. 2000இல் இந்தியா எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து அந்நிறுவனம் பல உரிமைகோரல்களைக் கைவிட நேர்ந்தது. 2016இல் பாசுமதிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தில்லியும் அதற்குரிய நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். இன்று ஒரு மணி பாசுமதியா அன்றா என்பதை மணத்தைக் கொண்டு மட்டுமன்றி மரபணுச் சோதனை கொண்டும் உறுதிசெய்கின்றனர்.

முடிவுரை

தொழில்நுட்பம் மாறுந்தோறும் பெயரிடும் அதிகாரமும் கைமாறியுள்ளமை மேற்கண்டவற்றால் பெறப்படும். உழவரிடமிருந்து அது ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்றது. பின்னர்ச் சட்டத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் உரியதாயிற்று. இடையில் 'ரேடியோ நெல்' ஒன்றே புதிய தொழில்நுட்பத்தை ஏற்ற உழவர் தம் மொழியில் தாமே இட்ட பெயராக நிற்கிறது. அரசிதழ்களில் இடம்பெறாத இத்தகைய வழக்குச்சொற்கள் அவற்றை வழங்கியவர்களோடு மறைந்து வருகின்றன. இவற்றைத் திரட்டி அகராதியில் ஏற்றுவது சொல்லாய்வுக்கு மட்டுமன்றி வேளாண் வரலாற்றுக்கும் இன்றியமையாததாகும்.